பனி பொசுக்காது, புள்ள

எங்கள் அப்பாயி சொன்ன ஒரு வார்த்தை இருபத்தைந்து வருடமாக என் பின்னாலேயே வருகிறது. “பனி பொசுக்காது, புள்ள. வெயிலுதான் பொசுக்கும்.” ஊட்டிக்குக் கொஞ்சம் கீழே முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை, எந்த ராத்திரி காற்று அடங்கி, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கிறதோ, அந்த ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்க மாட்டோம். விடிந்து பார்த்தால் தோட்டம் முழுக்க உப்புத் தூவியது போல வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் இலையைப் பார்த்தால் செத்த இலை என்று சொல்லவே முடியாது. அப்பாயி ஒரு கொழுந்தைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. விளிம்பு நெடுக வெள்ளைப் பூ. வாயால் ஊதி ஊதி அந்த வெள்ளை கரைந்ததும் கீழே பளிச்சென்று பச்சை. எட்டு மணிக்கு எதிர்மேட்டைத் தாண்டி வெயில் ஏறும். பத்து மணிக்கு அதே செடியின் இலை வெந்நீர் ஊற்றிய கீரை போலத் துவண்டு கறுத்திருக்கும். மூன்றாம் நாள் தொட்டால் நொறுங்கும்.

அப்பாயி இதை எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, சின்ன வயதிலேயே கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா வந்து, மறுபடியும் நீலகிரியில் அதே கொழுந்தைப் பறித்தவர். அங்கேயும் ஜனவரியில் பனி விழும், இங்கேயும் விழும். விழுந்த காலைகளில் எந்தச் செடி தப்பித்தது, எது போனது என்று ஆயிரம் தடவை பார்த்த கண். வீட்டுக்குப் பின்னால் நாற்றங்காலில் அவர் செய்யும் ஒரு காரியம் எனக்கு அப்போது புரியவே இல்லை. இரண்டு கம்பை ஊன்றி, பழைய சேலை ஒன்றைச் சுவர் மாதிரி நிமிர்த்திக் கட்டுவார். கிழக்குப் பக்கம் மட்டும். மேலே கட்டினாலாவது பனி விழாது, பக்கவாட்டில் கட்டி என்ன பயன் என்று கேட்டேன். “நீ பாரு” என்றார். நான் பார்க்கவில்லை. விளையாடப் போய்விட்டேன்.

ஏழாம் வகுப்பில் அறிவியல் பாடத்தில் உறைபனி வந்தது. இலைக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக உறைந்து செல்களைக் கிழித்துவிடும், அதனால்தான் பனியில் பயிர் கருகுகிறது என்றார் ஆசிரியர். நான் எழுந்து, பனி இல்லை சார், வெயில்தான் கருக்கும் என்றேன். வகுப்பு சிரித்தது. வெயில் வந்தால் பனி உருகும், இலை பிழைக்கத்தானே செய்யும் என்று அவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பாயியிடம், “நீங்க சொன்னது தப்பாம் அப்பாயி, உள்ள ஐஸ் ஊசி குத்துறதுதான் காரணமாம்” என்று சொன்னேன். கல்லைப் பொறுக்கிப் போட்டபடியே “சரி புள்ள” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் கல்லூரி முடிப்பதற்குள் இறந்துபோனார். அந்தச் “சரி புள்ள” மட்டும் எனக்குள் தைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

உறைந்த பாலக்கீரை

வருடங்கள் கழித்து, ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் எப்படி இடம் மாறுகிறது என்று ஆராயும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அங்கே எங்கள் கச்சாப்பொருள் சந்தையில் வாங்கும் பாலக்கீரை. காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, குளிர்ந்த உப்புக் கரைசலோடு மிக்சியில் சில விநாடிகள் மட்டும் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தப் பச்சைச் சாற்றைச் சுழலியில் சுற்றினால் இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சைத் துகளான பசுங்கணிகம் அடியில் படியும். எல்லாம் மங்கலான பச்சை விளக்கில்தான் செய்ய வேண்டும். பச்சை வெளிச்சத்தை இலை குறைவாகத்தான் பிடிக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. பென்சில் பருமன்கூட இல்லாத குவார்ட்ஸ் குழாயில் அதை ஊற்றி, இருட்டில் ஊற வைத்து, திரவ நைட்ரஜனில் மெதுவாக இறக்குவோம். மைனஸ் 196 டிகிரி. சடசடவென்று கொதித்து வெள்ளைப் புகை பொங்கும். அடங்கியதும் குழாயை எடுத்துப் பார்த்தால் உள்ளே கடும் பச்சையில் ஒரு ஐஸ் குச்சி.

அதை ஈபிஆர் கருவிக்குள் செருக வேண்டும். ஜோடி சேராமல் தனியாக நிற்கும் எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் கண்டுபிடிக்கும் கருவி அது. ஹீலியம் ஓட்டி இன்னும் குளிர்விப்போம். அன்றைக்கு 15 கெல்வினில் வைத்திருந்தேன், அதாவது மைனஸ் 258 டிகிரி. முதலில் இருட்டில் ஒரு கோடு எடுத்தேன். இருட்டிலும் அந்தக் கோடு தட்டையாக இருக்காது, ஒரு சின்ன மேடு தெரியும். ஒளி அமைப்பு 2 என்ற புரதக் கூட்டத்தில் உள்ள டைரோசின் என்ற ஒரு அமினோ அமிலம், கீரை கடைசியாகப் பார்த்த வெளிச்சத்தில் எலக்ட்ரானை இழந்து, மணிக்கணக்காக அப்படியே நிற்பதால் வரும் மேடு. சந்தையில் வெயில் பட்ட ஞாபகம் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். சரி, அடுத்து விளக்கைப் போட்டேன். கருவியின் பக்கவாட்டில் ஒரு சன்னல் உண்டு, அதன் வழியாகக் குழாயின் மேல் வெளிச்சம் விழும். திரையில் கோடு நடுவில் விருட்டென்று எழுந்தது.

அந்தக் கோடு எழும் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் இருப்பதுதான். ஒளி அமைப்பு 1இன் நடுவில் இருக்கும் குளோரோபில் ஜோடி வெளிச்சம் பட்டதும் ஒரு எலக்ட்ரானை இழக்கும். அந்த ஜோடிக்கு பி700 என்று பெயர். 700 நானோமீட்டர் பக்கத்தில் இலையின் ஒளி உறிஞ்சலில் ஏற்படும் சிறு மாற்றத்தை வைத்து 1956இல் பெஸல் கோக் கண்டுபிடித்தது. அது இழந்த எலக்ட்ரான் எங்கே போகிறது என்பதை 1971இல் ரிச்சர்ட் மால்கினும் ஆலன் பியர்டனும் இதே மாதிரி உறைந்த பாலக்கீரைப் பசுங்கணிகத்தில் வெளிச்சம் காட்டித்தான் பார்த்தார்கள். அது புரதத்தோடு ஒட்டியிருக்கும் இரும்பு–கந்தகக் கொத்தில் போய் உட்காருகிறது. இதையெல்லாம் தேர்வில் எழுதியவள் நான். ஆனாலும் கண்ணுக்கு முன்னால் அது நடந்தபோது கை கொஞ்சம் நடுங்கியது. மைனஸ் 258 டிகிரி. காற்றைக் கொண்டுவந்து வைத்தால் காற்றே கல்லாக உறையும் குளிர். அந்தக் குளிரிலும் வெளிச்சம் பட்டவுடன் கீரை தன் வேலையின் முதல் அடியை எடுத்து வைத்துவிட்டது.

விளக்கை அணைத்தேன். கோடு கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை. கணிசமான பங்கு அங்கேயே நின்றது. சில இடங்களில் எலக்ட்ரான் வந்த வழியே திரும்பிவிடும். ஆனால் இரும்பு–கந்தகக் கொத்து வரை போய்விட்டது திரும்பாது. சாதாரண நாளில் அங்கிருந்து அதை வாங்கிக்கொண்டு போக ஃபெரெடாக்சின் என்ற சின்னப் புரதம் நீந்தி வரும். அந்தப் பக்கம் பி700க்கு ஒரு எலக்ட்ரானைக் கொண்டுவந்து தர பிளாஸ்டோசயனின் நீந்தி வரும். பனிக்கட்டிக்குள் யார் நீந்துவது? கொடுத்தவனும் வாங்கியவனும் அப்படியே உறைந்து நிற்க, நான் குழாயை நைட்ரஜனில் போட்டு இருட்டில் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை திரும்பச் செருகிப் பார்த்தால் கோடு இருந்தது.

அந்தக் காலையில்தான், கையில் உறை மாட்டியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கிழக்குப் பக்கம் நிமிர்ந்து நின்ற பழைய சேலை ஞாபகத்துக்கு வந்தது.

எலக்ட்ரானுக்குக் குளிராது

குளிர் எல்லாவற்றையும் நிறுத்தும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பால் கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைப்பது அந்த நம்பிக்கையில்தான். வேதிவினை என்றால் மூலக்கூறு அசைய வேண்டும், மோத வேண்டும், ஒரு மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். குளிரில் அதற்குத் தெம்பு இருக்காது. அப்படியிருக்க, மைனஸ் 258இல் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது?

இதற்கு விடை பிலடெல்பியாவில் கிடைத்தது. பிரிட்டன் சான்ஸ் என்று ஒருவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர், வாழ்நாளெல்லாம் உயிருள்ளவற்றில் எலக்ட்ரான் ஓடுவதைப் பார்ப்பதற்கென்றே கருவி கட்டியவர். அவரும் நிஷிமுரா என்ற ஆய்வாளரும் 1960இலேயே ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். குரோமேஷியம் என்ற ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து வெளிச்சம் காட்டினாலும் அதன் சைட்டோகுரோம் என்ற புரதம் எலக்ட்ரானை இழக்கிறது. பிறகு 1966இல் டான் டிவால்ட்டும் சான்ஸும் லேசர் துடிப்பை அடித்து அந்த வேகத்தை அளந்தார்கள். அறைச் சூட்டில் எலக்ட்ரான் தாவ சுமார் 2 மைக்ரோ விநாடி. குளிர்விக்கக் குளிர்விக்க வேகம் குறைந்துகொண்டே வந்து, 100 கெல்வின் பக்கத்தில் சுமார் 2 மில்லி விநாடி ஆனது. அதாவது ஆயிரம் மடங்கு மந்தம். இதுவரை எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இன்னும் குளிர்வித்தபோது வேகம் குறையவே இல்லை. கோடு தட்டையாகிவிட்டது. மேட்டை ஏறிக் கடப்பதாக இருந்தால் குளிர் கூடக் கூட வேகம் செத்துக்கொண்டே போக வேண்டும். இங்கே எலக்ட்ரான் மேட்டை ஏறவே இல்லை, ஊடே போய்விடுகிறது. குவாண்டம் இயற்பியலில் டனலிங் என்பார்கள். உயிருள்ள ஒரு பொருளில் அது நடப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை அதுதான்.

அது பாக்டீரியா. ஆனால் செடியிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான். குளோரோபில், குயினோன், இரும்பு–கந்தகக் கொத்து எல்லாவற்றையும் புரதம் ஆணி அடித்த மாதிரி அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எலக்ட்ரான் தாவினால் போதும், ஏந்திக்கொண்டு யாரும் நடக்க வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் தாவும் என்பதற்கு அதே பென்சில்வேனியாவில் கிறிஸ்டோபர் மோசரும் லெஸ் டட்டனும் ஒரு கணக்குச் சொன்னார்கள். விளிம்புக்கு விளிம்பு 14 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் உயிர்களின் வேலைக்குப் போதிய வேகத்தில் தாவிவிடும். ஒவ்வொரு 1.7 ஆங்ஸ்ட்ராம் தூரம் கூடும்போதும் வேகம் பத்தில் ஒரு பங்காகும். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பிரித்ததில் ஒன்று. இந்தக் கணக்கில் தூரம்தான் பெரிய ஆள். இலையின் முதல் சில அடிகளைக் குளிர் அவ்வளவாகத் தொடுவதில்லை.

எங்கே புரோட்டான் வெளியேற வேண்டுமோ, தண்ணீர் உள்ளே வர வேண்டுமோ, ஏதோ ஒன்று மிதந்து போக வேண்டுமோ, அங்கேதான் குளிர் கதவைச் சாத்துகிறது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒளி அமைப்பு 2இல் தண்ணீரைப் பிளக்கும் மாங்கனீசுக் கொத்து. நான்கு அடியாக அது எலக்ட்ரானை இழந்து கடைசியில் ஆக்சிஜனை விடும். இருட்டில் ஓய்ந்திருக்கும் மாதிரியை உலர்பனியும் எத்தனாலும் கலந்த தொட்டியில், 200 கெல்வினில், வைத்து வெளிச்சம் காட்டினால் ஒரே ஒரு அடி மட்டும் எடுத்து வைக்கும். அடுத்த அடிக்கு நகராது, எவ்வளவு நேரம் விளக்கைக் காட்டினாலும் சரி. இந்த முதல் அடியில் புரோட்டான் எதுவும் வெளியே போக வேண்டியதில்லை, அதனால் குளிர் அதைத் தடுப்பதில்லை. ஈபிஆரில் அது சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிறையக் கோடுகள் காட்டும். 1981இல் டிஸ்மியூக்ஸும் சைடரரும் முதன்முதலில் கண்டது. அந்தச் சீப்பை முதல் தடவை நானே எடுத்த நாளில் அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். “நல்லதும்மா, சாப்பிட்டியா?” என்றார்.

வெள்ளரி இலை

ஆனால் ஆய்வகத்துக் குளிர் வேறு, எங்கள் தோட்டத்துக் குளிர் வேறு. நீலகிரியில் பூஜ்யம், மைனஸ் 1, மைனஸ் 2, அவ்வளவுதான். இலை முழுக்க உறைந்துவிடுவதும் இல்லை. அந்தக் குளிரில் என்ன நடக்கிறது என்பதற்கு 15 கெல்வின் ஒரு பூதக்கண்ணாடி மட்டும்தான். எது நிற்காது, எது முதலில் நிற்கும் என்று பிரித்துக் காட்டியது. அதே பிரிவினைதான் பூஜ்ய டிகிரியிலும், கொஞ்சம் மென்மையாக. குளோரோபில் வெளிச்சத்தைப் பிடிப்பது குறையாது. எலக்ட்ரான் பிரிவது குறையாது. ஆனால் எலக்ட்ரானைச் சுமந்து சவ்வுக்குள் மிதந்து போக வேண்டிய பிளாஸ்டோகுயினோன், கொழுப்பு இறுகியதால் திணறும். கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பாதி, கால் வேகத்துக்கு இறங்கிவிடும். எலக்ட்ரான் வந்துகொண்டே இருக்கும், செலவழிக்க இடம் இருக்காது.

கொழுந்து பறிப்பவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். சீசன் உச்சத்தில் மூட்டை மூட்டையாகக் கொழுந்து கட்டிச் சாலையோரம் வைத்திருப்போம். லாரி வராது. பறிப்பு மட்டும் நடந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் மூட்டைக்குள் கையை விட்டால் சுடும். உள்ளே கொழுந்து சிவந்து, வீணாகப் போயிருக்கும். பறிப்பில் தப்பில்லை, கொழுந்திலும் தப்பில்லை. லாரி வராததுதான் கேடு. இலைக்குள்ளும் அதுதான். போக்கிடம் இல்லாத எலக்ட்ரான் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தாவும். சூப்பராக்சைடு ஆகும், அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகும், இரும்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசமான ஹைட்ராக்சில் ஆகும். அது தொட்டதையெல்லாம் அரிக்கும்.

எதை முதலில் அரிக்கும் என்பதில்தான் ஆய்வாளர்களே நீண்ட காலம் ஒரு பக்கமாகப் பார்த்தார்கள். ஒளி அமைப்பு 2தான் வெளிச்சத்தில் அடிபடும் என்பது எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்த விஷயம். அதன் டி1 என்ற புரதம் நல்ல வெயிலில் அடிக்கடி உடைந்து, அடிக்கடி புதிதாக மாற்றப்படும். 1994இல் ஜப்பானில் தெராஷிமா, ஃபுனயாமா, சோனோயிகே மூவரும் வெள்ளரி இலையை 4 டிகிரியில் வைத்து மிதமான வெளிச்சம் காட்டினார்கள். நடுப்பகல் வெயிலெல்லாம் இல்லை, அதைவிட மிகக் குறைந்த வெளிச்சம். சில மணி நேரத்தில் ஒளி அமைப்பு 1 கெட்டுப்போனது, ஒளி அமைப்பு 2 பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அதே குளிரில் இருட்டில் வைத்த இலைக்கு அந்தக் கேடு வரவில்லை. கெட்ட இடம் எது என்று தேடினால், நான் ராத்திரி முழுக்க எலக்ட்ரானைப் பூட்டி வைத்திருந்தேனே, அந்த இரும்பு–கந்தகக் கொத்துகள். அந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபோது மணி இரண்டிருக்கும். “இருட்டில் கேடு வரவில்லை” என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் தெரியாமல் உட்கார்ந்த பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றும் உண்டு. ஒளி அமைப்பு 2 கெட்டால் நல்ல சூட்டில் சில மணி நேரத்தில் செடி சரிசெய்துகொள்ளும். ஒளி அமைப்பு 1 கெட்டால் நாள்கணக்கு ஆகும். குளிர்நாட்டு மரங்கள் இதற்காகவே தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. பின்லாந்து, ஸ்வீடன் பக்கத்துப் பைன் மரம் பனிக்காலம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும், ஆனால் பிடிக்கும் வெளிச்சத்தை எல்லாம் சூடாக மாற்றி வெளியே கொட்டிவிடும். அந்த வேலைக்கு உதவும் ஜியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை மற்றச் செடிகள் சாயங்காலமானால் மடித்து வைத்துவிடும். பைன் ராத்திரியிலும் மடிப்பதில்லை. எங்கள் தேயிலைக்கு அந்த அளவு பழக்கம் கிடையாது. அது மழையும் மிதமான குளிரும் பார்த்து வளர்ந்த செடி. ஒரே ராத்திரியில் வந்து போகும் பனிக்குத் தயாராக அதற்கு நேரமும் இல்லை.

நம் ஊரில் இது இன்னும் கொடுமையாவதற்கு வானம் ஒரு காரணம். மேகம் இருந்தால் தரையின் சூடு மேலே போகாமல் தங்கும், பனி விழாது. வானம் திறந்திருந்தால்தான் சூடு தப்பிப் பனி விழும். வானம் திறந்திருந்தால்தான் மறுநாள் காலை வெயிலும் மறைப்பில்லாமல் அடிக்கும். 2,000 மீட்டர் உயரத்து வெயில் அது, தோல் எரியும். கடும் குளிரும் கடும் வெளிச்சமும் ஒரே கதவு வழியாக, இரண்டு மணி நேர இடைவெளியில் வருகின்றன. சில்வர் ஓக் மரத்துக்குக் கீழே இருக்கும் தேயிலை தப்பித்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மரம் ராத்திரியில் சூட்டையும் பிடித்து வைக்கிறது, காலையில் வெயிலையும் மறைக்கிறது. எது காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வது? இங்கிலாந்தில் தோட்டம் போடுபவர்கள் கமேலியா என்ற பூச்செடியைக் கிழக்கு வெயில் படும் இடத்தில் வைக்காதே என்பார்கள், பனிக்குப் பிறகு அடிக்கும் காலை வெயிலில் மொட்டு போய்விடுமாம். தேயிலையும் ஒரு கமேலியாதான். அவர்களும் சேலை கட்டிய அப்பாயியும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பதினைந்து செடி

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை எங்கள் தோட்டத்திலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வழக்கமாக முந்தின நாள் சாயங்காலமே பெரணி இலையை வெட்டிச் செடி மேல் பரப்பிவிடுவோம். அப்படிச் செய்தால் பனியும் தடுக்கப்படும், வெயிலும் தடுக்கப்படும், இரண்டும் குழம்பிவிடும். அதனால் ராத்திரி எதையும் மூடவில்லை. எல்லாச் செடி மேலும் ஒரே மாதிரி பனி விழட்டும் என்று விட்டேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “பதினஞ்சு செடி போயிடும்மா” என்றார். ஆனாலும் காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு அவர்தான் முதலில் வெளியே நின்றார்.

மேட்டுச் சரிவில் கிழக்குப் பார்த்த ஒரு வரிசை. ஐந்து செடிக்கு மேல், பனி விழுந்த பிறகு, நனைந்த இலையைத் தொடாதபடி நான்கு குச்சி நட்டுச் சாக்கு போட்டோம். ஐந்து செடிக்கு வெயில் வருவதற்கு முன்னால் குடத்துத் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கரைத்தோம், மூடவில்லை. ஐந்து செடியை அப்படியே விட்டோம். தனியாகக் கீழே, ஓடையோரப் பள்ளத்தில் இருக்கும் சில செடிகளுக்கும் சாக்கு போட்டேன். குளிர்காற்று தண்ணீர் மாதிரி வழிந்து போய்த் தேங்கும் இடம் அது. பதினொரு மணிக்குச் சாக்கை எடுத்தோம்.

ஐந்து நாள் கழித்துப் பார்த்தபோது சரிவில் விட்டுவிட்ட செடிகளின் மேல் தட்டு முழுக்கக் காய்ந்து பழுப்பாக நின்றது. சாக்குக்குக் கீழே இருந்தவற்றில் அங்கங்கே நுனி மட்டும் போயிருந்தது, மற்றபடி பச்சை. தண்ணீர் தெளித்தவை இரண்டுக்கும் நடுவில். பள்ளத்தில் சாக்கு போட்டதும் போடாததும் ஒரே மாதிரி கருகிவிட்டன. அங்கே இலைக்குள்ளேயே ஐஸ் கட்டியிருக்க வேண்டும். அதற்கு வெயிலின் உதவி தேவையில்லை. செல்லுக்கு வெளியே உறையும் ஐஸ், உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி, செல்லை வற்ற வைத்துவிடும். என் ஆசிரியர் ஊசி என்று சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொண்டால், பள்ளத்தில் அவர் சொன்னது சரி.

பதினைந்து செடி ஆய்வாகாது, அது எனக்குத் தெரியும். சாக்கு வெளிச்சத்தை மட்டும் மறைக்கவில்லை, உருகுவதையும் மெதுவாக்கியது. மெதுவாக உருகினால் செல் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும், அதனாலும் பிழைத்திருக்கலாம். ஆனால் தண்ணீர் தெளித்தவை வேகமாக உருகியவை, வெளிச்சத்தையும் முழுக்க வாங்கியவை. அவை விட்டுவிட்ட செடிகளைவிட நன்றாக இருந்தன, சாக்குச் செடிகளைவிட மோசமாக இருந்தன. சூரியன் ஏறுவதற்குள் இலை கொஞ்சமாவது சூடானதும் உதவியிருக்கிறது, வெளிச்சம் விழாததும் உதவியிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். அடுத்த பனிக்காலத்தில் குளோரோபில் ஒளிர்வை அளக்கும் கைக்கருவி ஒன்றை இரவல் வாங்கிப் போகலாம் என்றிருக்கிறேன். நல்ல இலையில் அந்தக் கருவி காட்டும் விகிதம் 0.83 பக்கத்தில் நிற்கும், அடிபட்ட இலையில் விழும். ஐந்தரைக்கும், எட்டுக்கும், பத்துக்கும் எடுத்தால் இலை எந்த மணியில் சாகிறது என்று தெரிந்துவிடும். ஐந்தரைக்கே விழுந்திருந்தால் பனி. பத்துக்கு விழுந்தால் அப்பாயி.

ஊரிலிருந்து கிளம்பும் நாள் அப்பா நாற்றங்காலில் ஏதோ செய்துகொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். மேலே பெரணி பரப்பியிருந்தது. அது போக இரண்டு கம்பு ஊன்றி, அம்மாவின் பழைய பச்சைச் சேலையை நாலாக மடித்து, கிழக்குப் பக்கம் நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார். “உங்க அப்பாயி இதை எட்டு மணிக்கு முன்னாடியே கட்டிடுவாங்க, நாமதான் விட்டுட்டோம்” என்றார். நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன்.